நாலரைக் கட்டையில் ஓர் ஊளை

பின் இருக்கைக்குக் கீழே எங்கிருந்தோ ஓர் ஊளை கேட்கிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது மெல்லத் தொடங்கி, வேகம் கூடக் கூடச் சுருதி ஏறுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்குகிறது, இல்லாவிட்டால் குரல் மாறுகிறது. கியரை மாற்றிப் பார்த்தால் என்ஜின் சத்தம் இறங்குகிறது. ஊளை மட்டும் அசையாமல் அதே சுருதியில் நிற்கிறது. நான்கு சக்கரங்களையும் என்ஜின் சுழற்றும் காரில் இப்படிக் கேட்டால், பட்டறையில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: பின் டிஃபரன்ஷியல் போய்விட்டது, மாற்ற வேண்டும்.

அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் டயர், சக்கரத்தின் பேரிங், புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தாங்கும் நடு பேரிங் ஆகிய மூன்றும் ஏறக்குறைய இதே இடத்திலிருந்து, இதே மாதிரிக் குரலில் கத்தக்கூடியவை. அவற்றின் குற்றத்துக்காக நல்ல டிஃபரன்ஷியல்கள் கழற்றப்படுகின்றன. வேறொன்றை மாட்டிய பிறகும் ஊளை நிற்பதில்லை. சுழலும் உறுப்பு எழுப்பும் சத்தத்துக்கு ஓர் அருமையான குணம் உண்டு. அது தன் எண்ணைச் சொல்லிக்கொண்டேதான் கத்தும். நொடிக்கு எத்தனை அதிர்வு என்று கேட்டுக் கணக்குப் போட்டால், கத்துவது எந்த உறுப்பு என்பது ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் தெரிந்துவிடும். இந்த இயந்திரத்தின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பே அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

கணக்குக்கு ஒரு வண்டி வேண்டுமே. சுபாருவை எடுத்துக்கொள்கிறேன். அதன் பின் டிஃபரன்ஷியலுக்கு நல்ல கதை ஒன்றும் இருக்கிறது. ஜப்பானின் வடகிழக்கில் குளிர்காலத்தில் மலைப்பாதைகளைப் பனி மூடிவிடும். அங்கே தொஹோக்கு மின் நிறுவனத்தின் ஊழியர்கள் அந்தப் பனியிலும் மின்கம்பிப் பாதைகளைப் பார்வையிடப் போயாக வேண்டும். ஜீப் வகை வண்டிகள் பனியில் ஏறும். உள்ளே இருப்பவர் விறைத்துப்போவார். சாதாரண கார் போலக் கதகதப்பாகவும், ஜீப் போலப் பனியில் ஏறக்கூடியதாகவும் ஒரு வண்டி கிடைக்குமா என்று கேட்டார்கள். மியாகியிலிருந்த சுபாரு விற்பனையாளரின் பட்டறையில், முன்சக்கரங்கள் மட்டும் சுழலும் சிறிய வேன் ஒன்றை எடுத்து, நிசான் புளூபர்ட் காரின் டிஃபரன்ஷியலை அதன் பின்னால் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். அந்த முயற்சியிலிருந்து 1972-இல் லியோனி எஸ்டேட் வேன் வந்தது. நிசான் வழியில் வந்த ஆர்160 என்ற அந்த டிஃபரன்ஷியல் குடும்பம் பல பத்தாண்டுகள் சுபாருக்களின் பின்னால் சுழன்றது. உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம் 160 மில்லிமீட்டர். பெயர் அதைத்தான் சொல்கிறது.

1990-களின் பிற்பகுதியில் வந்த மேனுவல் கியர் ஃபாரெஸ்டர் கார்கள் பலவற்றின் விகிதம் 4.11. பெரிய சக்கரத்தில் 37 பற்கள், சிறியதில் 9 பற்கள். நம் லாரிப் பட்டறைகளில் பெரியதைக் கிரவுன் என்றும் சிறியதைப் பினியன் என்றும் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். 37, 9 என்ற இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டு வண்டிக்கு டிஃபரன்ஷியல் தேவைப்படவில்லை. அதன் அச்சு சுழலாது. இரு சக்கரங்களும் அச்சின் இரு முனைகளில், கடையாணிக்கு உள்ளே, தனித்தனியாகச் சுழலும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடும், உட்சக்கரம் குறைவாக ஓடும். யாரும் எதையும் சரிக்கட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் இழுப்பது மாடு. சக்கரத்தையே இயந்திரம் சுழற்றத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் பிணைத்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்துகொண்டு போகும். ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் தம் நீராவி வண்டிக்காக 1828-இல் இதற்கு ஒரு விடை கண்டு காப்புரிமை பெற்றார். இரு சக்கரத் தண்டுகளின் முனைகளிலும் எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு பல்சக்கரங்கள். அவற்றுக்கு இடையில், இரண்டையும் கடித்துக்கொண்டு, சுழலும் கூண்டொன்றில் மாட்டப்பட்ட சிறு பல்சக்கரங்கள். கூண்டு சுழன்றால் இரண்டு தண்டுகளும் சுழலும். ஒன்று தயங்கினால், நடுவிலுள்ள சிறு சக்கரங்கள் தம்மைத்தாமே உருட்டிக்கொண்டு, தயங்கிய அளவை மற்றதற்குக் கொடுத்துவிடும். இடது சக்கரத்தின் சுற்றையும் வலது சக்கரத்தின் சுற்றையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கூண்டின் சுற்று வரும். எப்போதும், எந்த வளைவிலும் வரும். இரும்பில் செய்த சராசரி அது.

இதிலிருந்தே முதல் துப்பு கிடைத்துவிடுகிறது. நேர்ச் சாலையில் இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல்வதால் நடுச் சிறு சக்கரங்கள் தம் ஊசியின் மேல் அசைவதே இல்லை. ஆகவே நேராகப் போகும்போது கேட்கும் ஊளைக்கு அவை காரணம் அல்ல. திருப்பத்தில் மட்டும் சத்தம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை அவைதான்.

நேர்ச் சாலை ஊளை வேறொரு சந்திப்பிலிருந்து வருகிறது. என்ஜினின் சுழற்சி புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகக் காரின் நீளவாக்கில் வருகிறது; சக்கரங்களோ குறுக்குவாக்கில் சுழல வேண்டும். அந்தத் தொண்ணூறு பாகைத் திருப்பத்தைப் பினியனும் கிரவுனும் செய்கின்றன. சாய்வான, வளைந்த பற்களை இரும்பில் துல்லியமாகச் செதுக்குவது எளிய வேலை அல்ல. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்தில் வில்லியம் கிளீசன் 1874-இல் சாய்பல் சக்கரங்களைச் செதுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அவருடைய மகள் கேட் கிளீசன் சிறுமியாக இருந்தபோதே அப்பாவின் பட்டறையில் கணக்கெழுத வந்தவர். 1884-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பிறகு அந்த இயந்திரங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார். 1914-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் முழு உறுப்பினரான முதல் பெண் அவர். கார்த் தொழில் வளர்ந்ததைப் பற்றிய நூல்களில் என்ஜின் செய்தவர்களுக்குக் கிடைத்த பக்கங்களில் பத்தில் ஒன்றுகூட இந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. அது நியாயமில்லை.

அதே கிளீசன் ஆலையில் 1920-களின் நடுவில் எர்னஸ்ட் வில்ட்ஹேபர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் பினியனைக் கிரவுனின் மையத்திலிருந்து கீழே இறக்கினார். ஹைப்பாயிட் என்று அதற்குப் பெயர். பினியன் கீழே வந்தால் ஷாஃப்டும் கீழே வரும், காரின் தரைத்தளமும் தாழும். பேக்கார்ட் நிறுவனம் உடனே எடுத்துக்கொண்டது. பற்கள் நீளமாக, வழுக்கிச் சேர்ந்து வழுக்கிப் பிரிவதால் சத்தமும் குறைந்தது. விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது எண்ணெயில். பல்லின் மேல் பல் பெரும் அழுத்தத்தில் வழுக்கும்போது சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த பொருள்களை எண்ணெயில் கலந்தார்கள். சூடேறும் புள்ளிகளில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய மென்படலம் ஒன்றை உண்டாக்கும். பல்லுக்குப் பதில் அந்தப் படலம் தேயும். டிஃபரன்ஷியல் எண்ணெயைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கும் அந்த நாற்றம் இந்தக் கந்தகத்தின் நாற்றம்தான். ஜிஎல்-5 என்று டப்பாவில் எழுதியிருப்பதும் இதைத்தான் குறிக்கிறது.

*

இனி கணக்கு. நம் ஃபாரெஸ்டரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் ஓடும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர். சக்கரம் நொடிக்கு 10 சுற்று. கிரவுனும் அதே 10 சுற்று. அதன் 37 பற்களும் ஒவ்வொரு சுற்றிலும் பினியனைச் சந்திக்கின்றன. ஆக நொடிக்கு 370 பல் சந்திப்புகள்.

எந்தப் பல்லும் கணக்கில் வரும் வடிவத்தில் இருப்பதில்லை. பளுவில் ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் வளைகிறது. அடுத்த பல் வந்து பளுவை வாங்கும் கணத்தில் கிரவுன் இருக்க வேண்டிய இடத்துக்கு மைக்ரான் அளவில் முன்னாலோ பின்னாலோ இருக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவு. அதில் பத்தில் ஒரு பங்கு பிசகே காதில் விழும் சத்தமாகிவிடும். அந்தப் பிசகு நொடிக்கு 370 முறை திரும்பத் திரும்ப வருவதால் 370 ஹெர்ட்ஸில் ஒரு சுத்தமான சுரம் எழுகிறது.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இந்த எண் அந்நியமானதல்ல. நாலரைக் கட்டைச் சுருதியில் பாடும் பெண் பாடகரின் தம்புராவில் சட்ஜம் 185 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அவருடைய மேல் ஸ்தாயி சட்ஜம் 370. நம் காரின் பின் டிஃபரன்ஷியல் 36 கிலோமீட்டரில் கீழ்ச் சட்ஜத்தில் நிற்கும். 54 கிலோமீட்டரில் ஒன்றரை மடங்கு, அதாவது துல்லியமான பஞ்சமம். 72-இல் மேல் சட்ஜம். இடையில் உள்ள எல்லா வேகங்களிலும் ஒரே நீண்ட ஜாரு. ச, ப, ச என்று பாடத் தெரிந்த ஒருவர் காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வேகமானியைப் பார்த்துக்கொண்டே முனகினால் போதும். ஊளை அவரோடு சேர்ந்து நின்றால் அது கிரவுனும் பினியனும் சந்திக்கும் சத்தம். காது போதாது என்பவர்களுக்கு, ஒலியின் அதிர்வெண்களை மேடுபள்ளமாக வரைந்து காட்டும் செயலிகள் கைப்பேசியில் கிடைக்கின்றன. 72-இல் 370 அருகே ஒரு கூர்மையான சிகரம், அதன் இருமடங்கான 740-இல் இன்னொன்று சிறியதாக. அப்படி வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

மற்றவர்கள் வேறு எண் சொல்வார்கள். சக்கரத்தின் பேரிங்கை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு குண்டுகள் என்று வைத்தால், வெளிவளையத்தில் ஏற்பட்ட ஒரு குழியை ஒரு சுற்றில் ஏறத்தாழ ஐந்து குண்டுகள் கடக்கும். பன்னிரண்டும் கடக்காததற்குக் காரணம், குண்டுகளின் கூண்டு சக்கரத்தைவிட மெதுவாக, பாதிக்கும் குறைவான வேகத்தில் சுற்றுவதுதான். 72-இல் இது 50 ஹெர்ட்ஸ் அளவு. ஊளையே அல்ல; தூரத்தில் மாவு மில் ஓடுவது போன்ற உறுமல். பினியனைத் தாங்கும் பேரிங் அதே வகை உறுமலைத் தந்தாலும், பினியன் சக்கரத்தைவிட 4.11 மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அதன் குரல் பல மடங்கு மேலே இருக்கும். டயரின் கட்டங்களோ வேண்டுமென்றே சமமற்ற நீளங்களில் வெட்டப்பட்டவை. ஒரே சுரமாக ஊளையிடாமல், சத்தம் பல அதிர்வெண்களில் பரவி இரைச்சலாகக் கரைந்துபோகட்டும் என்று டயர் செய்பவர்கள் செய்த ஏற்பாடு அது. ஒழுங்கற்றுத் தேய்ந்து ரம்பம் போலான டயர்தான் ஊளையிடும்.

உடைந்த பல் என்றால் ஊளைக்குப் பதில் தட்டல் கேட்கும். கிரவுனில் ஒரு பல் சிதைந்தால் சக்கரத்தின் சுற்றுக்கு ஒரு தட்டு, பினியனில் சிதைந்தால் நான்குக்குச் சற்று மேல். இங்கே 37, 9 என்ற எண்களின் அழகைச் சொல்லாமல் போக மனமில்லை. இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. அதனால் பினியனின் ஒரு குறிப்பிட்ட பல், கிரவுனின் ஒரு குறிப்பிட்ட பல்லைச் சந்தித்துவிட்டுப் போனால், கிரவுன் ஒன்பது சுற்று முடித்த பிறகுதான் மறுபடி சந்திக்கும். அதற்குள் சாலையில் 18 மீட்டர் ஓடியிருக்கும். ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்தின் எல்லாப் பற்களையும் முறைவைத்துப் பார்த்துவிடுகிறது. ஒரு பல்லின் குறை ஒரே இணையின் மேல் ஓயாமல் விழாமல் எல்லாவற்றின் மேலும் பகிரப்பட்டுத் தேய்கிறது. 36, 9 என்று வைத்திருந்தால் கணக்கு எளிதாக இருந்திருக்கும், சக்கரம் சீக்கிரம் கெட்டிருக்கும்.

*

எண்ணைப் பார்த்த பிறகு பளுவைப் பார்க்க வேண்டும். கிரவுனின் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முகங்கள். என்ஜின் சக்கரத்தைத் தள்ளும்போது குவிந்த முகத்தில் பளு. காலை எடுத்துவிட்டுச் சக்கரம் என்ஜினைத் தள்ளும்போது குழிந்த முகத்தில். வேகத்தை மாற்றாமல், ஆக்ஸிலரேட்டரை மட்டும் கொஞ்சம் அழுத்தியும் விட்டும் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் ஊளை என்றால் குவிந்த முகம் தேய்ந்திருக்கிறது, பெரும்பாலும் எண்ணெய் குறைந்து ஓடியதால். விடும்போது ஊளை என்றால் பினியன் நட்டோ, அதன் பேரிங்குகளின் இறுக்கமோ தளர்ந்து, பினியன் முன்னும் பின்னும் ஆடுகிறது. பளு மாறியும் குரல் மாறவில்லை என்றால் பல்லை விட்டுவிட்டுப் பேரிங்கைத் தேட வேண்டும். நீண்ட வளைவில் மெல்ல இடம் வலம் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது உறுமல் கூடி, மறுபக்கம் குறைந்தால் அது சக்கர பேரிங். பளு ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதன் விளைவு. தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு ஏறியதும் குரல் மாறினால் டயர்.

நான்கு சக்கர இயக்கம் இதில் ஒரு சிக்கலைக் கூட்டுகிறது, ஒரு வசதியையும் தருகிறது. சிக்கல் என்னவென்றால், பின் அச்சுக்குப் போகும் பளு எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கொண்ட பழைய சுபாருக்களில் அதற்கு மருந்தும் அவர்களே வைத்திருந்தார்கள். என்ஜின் பகுதியிலுள்ள ஒரு குறிப்பிட்ட சொருகியில் ஃபியூஸ் ஒன்றைச் செருகினால் பின் அச்சுக்குப் போகும் பளு துண்டிக்கப்படும். சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருக்கும், பற்கள் மட்டும் பளுவை இழக்கும். ஊளை அப்போது போய்விட்டால் பல்தான் குற்றவாளி. உறுமல் அப்படியே நின்றால் பேரிங். ஒரு சிறு ஃபியூஸ் செய்யும் இந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

ஜாக்கியில் தூக்கிச் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு சக்கர இயக்கக் காரில் பின்பக்கத்தை மட்டும் தூக்கி என்ஜினைப் போட்டுப் பார்ப்பது பழக்கமாக இருக்கலாம். நான்கு சக்கர இயக்கக் காரில் அப்படிச் செய்தால் தரையிலுள்ள முன்சக்கரங்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இழுத்துத் தள்ளிவிடும். நான்கும் தரையை விட்டு எழும்ப வேண்டும். எழுப்பிய பிறகு நீண்ட ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையைச் சுழலும் எதிலும் படாமல் பெட்டியின் மேல் வைத்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பேரிங்கின் குரலும் தனியாகக் கேட்கும். பளு இல்லாததால் பல்லின் ஊளை அங்கே கேட்காமல் போகலாம். அந்த மௌனத்தை வைத்துக் கிரவுனை விடுதலை செய்துவிடக் கூடாது.

திருப்பத்தில் மட்டும் வரும் முனகல் தனி விஷயம். மெல்ல, முழுவதும் ஸ்டியரிங்கை ஒடித்து, வண்டி நிறுத்துமிடத்தில் திரும்புகிறீர்கள். வளைவின் மையத்திலிருந்து முன் அச்சின் நடு 5.3 மீட்டர் தள்ளி ஓடுகிறது. அச்சுகளுக்கு இடைத்தூரம் 2.5 மீட்டர். பிதாகரஸ் தேற்றப்படி பின் அச்சின் நடு 4.67 மீட்டரில் ஓடும். முன் அச்சு பின் அச்சைவிட 13 விழுக்காடு அதிகம் ஓட வேண்டும். இந்த வித்தியாசத்தை முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் யாராவது விழுங்கியாக வேண்டும். சுபாருவின் மேனுவல் வண்டிகளில் நடு டிஃபரன்ஷியலும், அதோடு சிலிக்கோன் எண்ணெய் நிறைந்த தட்டுக் கூடும் அந்த வேலையைச் செய்கின்றன. 1995-இல் வந்த ஹோண்டா சிஆர்-வியில் அந்த ஏற்பாடு பின் டிஃபரன்ஷியல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஷாஃப்ட் சுழற்றும் பம்ப் ஒன்று, பின்சக்கரங்கள் சுழற்றும் பம்ப் ஒன்று. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் ஒன்று தள்ளும் எண்ணெயை மற்றொன்று இழுத்துக்கொள்ளும். முன்சக்கரம் வழுக்கி முந்தினால் எண்ணெய் அழுத்தம் ஏறி, கிளட்ச் தட்டுகளை நெருக்கி, பின்சக்கரங்களுக்குப் பளு போகும். மின்னணு மூளை எதுவும் இல்லாமல் எண்ணெயே முடிவெடுக்கும் ஏற்பாடு.

இந்தப் பெட்டி திருப்பத்தில் முனகினால் பல்லைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கிளட்ச் தட்டுகள் லேசாக நெருங்கி, ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுகின்றன. வயலின் வில் தந்தியைப் பிடித்து இழுத்து விடுவதும், காய்ந்த கதவுக்கீல் கிரீச்சிடுவதும் இதே இயற்பியல்தான். அசையாமல் இருக்கும்போது உராய்வு அதிகம், வழுக்கத் தொடங்கியதும் குறைவு. அந்த இடைவெளியில் இருந்துதான் சத்தம் பிறக்கிறது. எண்ணெயில் கலந்திருக்கும் உராய்வு மாற்றிகள் அந்த இடைவெளியை மூடிவைக்கின்றன. அவை பழசாகித் தீர்ந்ததும் முனகல் தொடங்குகிறது. அந்தப் பெட்டிக்கென்றே செய்யப்பட்ட டூயல் பம்ப் திரவத்தைப் புதிதாக ஊற்றி, சில திருப்பங்கள் திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு லிட்டரை ஒட்டிய எண்ணெய்தான். அங்கே ஜிஎல்-5 எண்ணெயை ஊற்றுவது பெரிய பிழை.

டயரையும் அளந்துவிட வேண்டும். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், சுமார் 6 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது சுபாரு. ஒரு டயர் பஞ்சராகி அதை மட்டும் புதிதாக மாற்றியவரின் காரில், நேர்ச் சாலையிலும் டிஃபரன்ஷியல்கள் ஓய்வின்றி வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டே இருக்கின்றன.

*

எல்லாச் சோதனைகளும் கிரவுனையும் பினியனையும்தான் கைகாட்டுகின்றன என்றால், பெட்டியைத் திறக்கலாம். முதலில் எண்ணெய் ஊற்றும் மேல் மூடியைத் தளர்த்திப் பாருங்கள், அதன் பிறகே கீழ் மூடி. எண்ணெயை வடித்துவிட்ட பிறகு மேல்மூடி துருப்பிடித்து அசைய மறுத்தால் வண்டி பட்டறையை விட்டு நகர முடியாது. வடியும் எண்ணெய் நிறையச் சொல்லும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கீழ்மூடியிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு மெல்லியதாக ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்வு. விரலில் தேய்த்தால் நெருடும் செதிலோ, ஊசி போன்ற சில்லோ இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. ஆர்160-க்கு 0.8 லிட்டர் அளவுதான் எண்ணெய். அரை லிட்டர்தான் வடிந்தது என்றால் ஊளைக்கான காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. ஆயில் சீலைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியை உடலோடு பிணைக்கும் ரப்பர் புஷ்களையும் பாருங்கள். அவை கிழிந்தால், எப்போதும் இருந்துவந்த சிறு முனகல் இரும்பு வழியாக நேரே இருக்கைக்கு ஏறும். டிஃபரன்ஷியலில் எதுவும் கெடாமலே சத்தம் மட்டும் புதிதாகக் கேட்கும்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் பழைய வண்டிகளை உடைக்கும் இடத்திலிருந்து முழுப் பெட்டியை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். தவறில்லை, செலவும் குறைவு. விகிதத்தை மட்டும் தலைகீழாக நின்றாவது சரிபார்க்க வேண்டும். சுபாருக்களில் 3.9, 4.11, 4.44 என்று பல விகிதங்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டிகள் ஒன்றுபோலவே இருக்கும். முன்னால் 4.11, பின்னால் 3.9 என்று மாட்டினால் இரு அச்சுகளும் ஒவ்வொரு மீட்டரிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, நடுக்கூட்டைச் சூடாக்கி அழித்துவிடும். சோதிப்பது எளிது. ஒரு பக்கத் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். சராசரி விதிப்படி கிரவுன் ஒரு சுற்று சுற்றியிருக்கும். பினியன் முனை நான்கு சுற்றுக்குமேல் ஒன்பதில் ஒரு பங்கு சுற்றினால் அது 4.11. பெக்கரின் சராசரி, பழைய இரும்புக் குவியலுக்கு நடுவிலும் அப்படியே வேலை செய்கிறது.

பெட்டியையே பிரித்துச் சரிசெய்ய முனைபவர்களின் வேலை வேறு தரம். கிரவுனும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கப்பட்ட இணைகள். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். இணைமாற்றி மாட்டினால் புது ஊளை நிச்சயம். பினியனின் ஆழத்தை முடிவு செய்வது அதன் பேரிங்குக்கு அடியிலுள்ள மெல்லிய ஷிம் தகடு. பேரிங்கின் முன்-இறுக்கத்தைச் சில பெட்டிகளில் நசுங்கும் குழாயும், சிலவற்றில் அளந்தெடுத்த வளையங்களும் தீர்மானிக்கின்றன. நசுங்கும் குழாய் என்றால் நட்டை முறுக்கிக்கொண்டே, கையால் சுழற்றத் தேவைப்படும் விசையை அளந்துகொண்டே வர வேண்டும். ஒரு கணம் அதிகமாக நசுக்கிவிட்டால் நட்டைப் பின்னால் தளர்த்தி ஒப்பேற்ற முடியாது, புதுக் குழாய்தான். பிறகு கிரவுனை இடவலமாக நகர்த்தி, பற்களுக்கு இடையிலான தளர்வைப் பெரும்பாலான கார்களில் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். டயல் கேஜின் ஊசியைப் பல்லின் மேல் நிறுத்தி, கிரவுனை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார்கள்.

இதற்குப் பிறகு வருவதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த காட்சி. கிரவுனின் நான்கைந்து பற்களில் மஞ்சள் பசை பூசுகிறார்கள். பளு வருவதற்காகக் கிரவுனைக் கையால் தடுத்துப் பிடித்தபடி பினியனைச் சுழற்றுகிறார்கள். பினியன் பல் அழுத்திய இடத்தில் பசை விலகி, நீள்வட்டத்தில் ஒரு முத்திரை விழுகிறது. அந்த முத்திரை பல்லின் உச்சியை ஒட்டி இருந்தால் பினியன் தள்ளி நிற்கிறது. ஷிம்மைத் தடிப்பாக்கிக் கிட்டே கொண்டுவர வேண்டும். அடியை ஒட்டி இருந்தால் பினியன் நெருங்கிவிட்டது, ஷிம்மைக் குறைக்க வேண்டும். பல்லின் வெளிமுனையில் விழுந்தால் கிரவுனைப் பினியன் பக்கம் நகர்த்த வேண்டும், உள்முனையில் விழுந்தால் விலக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பேரிங்கைக் கழற்றி, ஷிம்மை மாற்றி, மறுபடி இறுக்கி, மறுபடி பசை பூசி, மறுபடி சுழற்றல். அனுபவசாலிகளும் மூன்று நான்கு முறை செய்வார்கள். முத்திரை பல்லின் நடுவில், மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு வந்து உட்காரும்வரை விடக்கூடாது. நூறில் ஐந்து பங்கு மில்லிமீட்டர் ஷிம் அந்த முத்திரையை இடம்மாற்றுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

மூடி போட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டை முன்பு குறித்துவைத்த கோட்டுக்குக் கோடு பொருத்தி, மேல்துளையின் விளிம்பு வரை 75டபிள்யூ-90 எண்ணெய் ஊற்றி, வண்டியை வெளியே எடுக்கிறார்கள். புதுப் பற்கள் ஒன்றையொன்று பழகும்வரை அதிகச் சூடேறக் கூடாது. முதல் சில பயணங்களில் கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி ஆறவைத்து, மறுபடி ஓட்டுவார்கள். 36-இல் ஒருமுறை, 54-இல் ஒருமுறை, 72-இல் ஒருமுறை கைப்பேசியின் திரையைப் பார்க்கிறார்கள். 370-இல் ஒரு சிறு மேடு இப்போதும் இருக்கிறது. டயரின் இரைச்சலுக்கு அடியில், காது எட்டாத தாழ்வில், அதே நாலரைக் கட்டைச் சட்ஜம்.